பதினோரு பக்கத்தில் மட்டம்

எங்கள் ஆய்வு நிலையத்தில் அவரைக் குண்டக்கா என்றுதான் கூப்பிடுவோம். புதிதாக வருகிறவர்கள் பெயரைக் கேட்டுவிட்டு ஆளைத் தேடுவார்கள். முன்னால் நிற்பவரோ பலமாகக் காற்றடித்தால் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்புக்காரர். "இங்க யாருங்க குண்டக்கா?" என்று அவரிடமே கேட்பார்கள். அவர் இடுப்பில் செருகிய சுருக்குப் பையைத் தட்டிக் காட்டுவார். உள்ளே ஒரு தூக்குக்குண்டு. சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் நூலில் கட்டித் தொங்கவிடுவார்களே, அதேதான்.

"குண்டு இதுக்குள்ள இருக்கு. நான் வெறும் அக்கா."

வயது முப்பத்தாறு. எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. பத்து வருஷம் கட்டட வேலையில் சித்தாள். கல்லும் கலவையும் தலையில் சுமந்து சுமந்து கழுத்து மக்கர் பண்ண ஆரம்பித்தபோது, மலையடிவாரத்தில் எங்கள் நிலையம் மரம் அளக்க ஆள் தேடியது. வந்து சேர்ந்தார். ஆறு வருஷம் ஆகிறது.

எங்கள் மலையை ஒரு காலத்தில் மொட்டையடித்து என்னவோ பயிர் வைத்திருக்கிறார்கள். கட்டுப்படியாகாமல் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். யாரும் நடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. நாற்பது வருஷத்தில் காடு தானாக மறுபடி ஏறிவிட்டது. இதை இரண்டாம் நிலைக் காடு என்று புத்தகத்தில் சொல்வார்கள். எங்களுடன் வேலை செய்யும் ஏணிக்கு (ஆள் உயரம் அப்படி) அந்தப் பெயர் வாயில் நுழையாது. "ரெண்டாந்தாரத்துக் காடு" என்பார். "மூத்தவ போனதும் வந்தவ. ஆனா குடும்பத்தை நல்லாத்தான் நடத்தறா."

அந்தக் காட்டில் நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் இடத்தை அளந்து, இருபது மீட்டர் கட்டங்களாக இருபத்தைந்தாகப் பிரித்து, மணிக்கட்டை விடத் தடித்த எல்லா மரத்துக்கும் நம்பர் தகடு அடித்திருக்கிறோம். எது எந்த இடத்தில் நிற்கிறது, எவ்வளவு தடிமன், பக்கத்தில் யார். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி அளந்தால் யார் யாரை முந்தினார்கள், யார் இடம் இல்லாமல் செத்தார்கள் என்று தெரியும்.

மரங்களுக்குப் புத்தகத்தில் நீளமான பெயர்கள் உண்டு. வாயில் வேறு பெயர்கள். முதலில் வெயிலைப் பார்த்து ஓடிவந்து கும்பல் கும்பலாக நிற்பது 'அவசரம்'. அகல இலை, மெத்தென்ற கட்டை, சீக்கிரம் உயரும், சீக்கிரம் சாயும். அதன் நிழலில் சத்தமில்லாமல் முளைத்து, வருஷத்துக்கு விரலளவு ஏறிக்கொண்டு, மேலே எப்போது ஓட்டை விழும் என்று காத்திருப்பது 'கமுக்கம்'. இரண்டு பெயரையும் வைத்தது குண்டக்காதான்.

"ஒரே வயசு அவசரம் நாலு ஒட்டி நிக்குது பாருங்க தம்பி. மூணு பேர் சீட்டுல நாலு பேர். அடுத்த தடவை வரும்போது ரெண்டுதான் உக்காந்திருக்கும்." அவர் போகிற போக்கில் சொன்ன இதையே எங்கள் துறையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நானும் பரீட்சையில் எழுதிப் பதினான்கு மார்க் வாங்கியிருக்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஊரில் என் பட்டமளிப்புப் போட்டோ சாமி படங்களுக்கு நடுவில் மாட்டியிருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிரும். நிலையத்தில் நான் சேர்ந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். அப்போது முதல் கணக்கெடுப்பு முடிந்து மூன்று வருஷமாகியிருந்தது. அதை எழுதியவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார். பென்சிலில் எழுதிய அந்த நோட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை.

இங்கே சரிவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மரங்களின் படம் என்பது மேலே பறக்கும் பறவையின் கண்ணுக்குத் தெரிகிற படம். மலைச்சரிவில் டேப்பைத் தரையோடு படுக்கவைத்து அளந்தால் தூரம் கூடுதலாகக் காட்டும். அதற்கு வழி இரண்டு. ஒன்று, தரையோடு அளந்துவிட்டு, சரிவின் கோணத்தை வைத்து மேசையில் உட்கார்ந்து கழித்துக்கொள்வது. இன்னொன்று, டேப்பையே படுக்கைவாட்டில் பிடிப்பது. கீழே நிற்பவர் டேப் முனையைத் தலைக்கு மேல் தூக்கிக் குண்டைத் தொங்கவிட வேண்டும். மேலே நிற்பவர் தன் முனையைத் தரையில் வைக்க வேண்டும். செங்குத்துச் சரிவில் இரண்டு மீட்டருக்கு மேல் ஒரே வீச்சில் முடியாது. இருபது மீட்டருக்குப் பத்துப் படி. ஒவ்வொரு படிக்கும் கை தலைக்கு மேலே.

முதல் கணக்கெடுப்பில் தரையோடு அளக்கத்தான் உத்தரவு. குண்டக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "தரை என்ன பலகையா? பாறை மேல ஏறி, வேர் மேல வளைஞ்சு போகுது. அதுக்கு எந்தக் கோணத்தைக் கழிப்பீங்க?" என்று கேட்டிருக்கிறார். சுமாரான சரிவில் உத்தரவுப்படியே அளக்க விட்டுவிட்டார். செங்குத்தான பதினோரு கட்டத்திலும் வீட்டுக்காரருடைய தூக்குக்குண்டை எடுத்துவந்து, இரண்டு இரண்டு மீட்டராக, கொத்தனார் வழியில் மட்டம் பிடித்து அளந்தார். நோட்டில் கட்டத்துக்கு ஒரு பக்கம்; அந்தப் பதினோரு பக்கத்தின் ஓரத்திலும், எழுதுபவர் பக்கத்திலேயே நின்று, ஒரு சொல்லை எழுதவைத்தார்: மட்டம்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. நான் பார்த்ததெல்லாம் நோட்டு. பக்கத்தின் தலைப்பில், அச்சடித்த கட்டத்தில், சரிவின் கோணம் இருந்தது. கோணம் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று படித்தவன் நான். எல்லாத் தூரத்தையும் பெருக்கிக் குறைத்துவிட்டேன். ஓரத்தில் இருந்த மட்டத்தையும் பார்த்தேன். பள்ளிக்கூடத்துப் பையனுக்குத் தெரிந்த மட்டம் ஒன்றுதானே. அன்றைக்கு யாரோ வேலைக்கு மட்டம் போட்டிருக்கிறார்கள், எழுதிவைத்திருக்கிறார் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பினேன்.

அதற்குப் பலன் இரண்டாவது கணக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்னால் வந்தது.

எங்கள் தலைவர், மேடம், எனக்கும் பின்னால் பொறுப்புக்கு வந்தவர். அவர் முழுப் படத்தையும் ஆறு தாளில் அச்செடுத்து, ஒட்டி, அலுவலகச் சுவரில் மாட்டச் சொன்னார். தகட்டுப் பெட்டிகளுக்கும் ஆணி டப்பாக்களுக்கும் மேலே, தகரக் கூரை வெளிச்சத்தில், ஆயிரத்து எண்ணூறு வட்டங்கள். அவசரம் மஞ்சள், கமுக்கம் கரும்பச்சை. அழகாக இருந்தது. மேடம் மட்டும் இரண்டடி பின்னால் போய்க் கண்ணைச் சுருக்கினார்.

"இது என்ன வெள்ளை?"

செங்குத்தான கட்டம் ஒவ்வொன்றின் மேல் ஓரத்திலும் மூன்று, மூன்றரை மீட்டர் அகலத்துக்கு ஒரு மரம்கூட இல்லை. அளவுகோல் வைத்துத் துடைத்த மாதிரி. எண்ணினோம். பதினொன்று. மேடம் நோட்டைக் கேட்டார். அந்தப் பதினோரு பக்கத்தைத் திருப்பியபோது பதினொன்றிலும் ஓரத்தில் அந்தச் சொல். அவர் முகம் இறுகியது. ஆள் வராத நாளில் பாதி மலை ஏறி, மேல் ஓரத்து மரங்களை விட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். வேறென்ன நினைக்க முடியும்? நானும் அதைத்தான் நினைத்தேன்.

டேப்பின் மறுமுனையைப் பிடித்த ஏணியைக் கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அன்றைக்குப் பார்த்து ஏணி நிஜமாகவே மட்டம். மாதத்தில் இரண்டு நாள் அவருக்கு வயிற்றுவலி வரும். அது பெரும்பாலும் திங்கட்கிழமையில் வரும். குண்டக்காவைக் கூப்பிட்டார் மேடம்.

"ஏம்மா, இந்தப் பதினோரு பக்கத்துலயும் ஓரத்துல மட்டம்னு எழுதியிருக்கே, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம். நான் சொல்லித்தானே எழுதினாரு."

"நீங்களே சொல்லியா?"

"ஆமா மேடம். அவரு மறந்துடுவாரு. நான்தான் பக்கத்துலயே நின்னு, எழுதுங்க எழுதுங்கன்னு..."

"அப்ப பதினொண்ணுமே?"

"பதினொண்ணும் மட்டம்தான்," என்றார் அக்கா. குரலில் பெருமை வேறு. "ஒண்ணுகூட விடலை."

மேடம் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"இதைச் சிரிச்சுக்கிட்டே சொல்றீங்க?"

"கஷ்டப்பட்டுப் போட்ட மட்டம் மேடம். என் கழுத்தைக் கேளுங்க, அது சொல்லும்."

"மட்டம் போடறதுல என்னம்மா கஷ்டம்?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. "அப்படி லேசா சொல்லிட்டீங்க. ஒரு நாள் எங்கூட வந்து போட்டுப் பாருங்க மேடம், அப்பத் தெரியும்."

மேடம் நோட்டை மூடினார். சத்தம் போடவில்லை, அவர் சத்தம் போடாதபோதுதான் பயமாக இருக்கும். "போதும்மா. ரெண்டாவது கணக்கெடுப்புக்கு நான் வேற ஆளைப் பாத்துக்கறேன். சாமான் பெட்டிச் சாவியைத் தம்பிகிட்ட கொடுத்துடுங்க." பிறகு என்னிடம், "அந்தப் பதினோரு கட்டத்தையும் கணக்குலேர்ந்து அடிச்சுடுங்க."

"மட்டம் போட்டதுக்கா மேடம்?" என்றார் அக்கா.

"பின்ன வேற எதுக்கு?"

அக்கா தகட்டு டப்பாவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். பிறகு, பாதியில் விட்டிருந்த தகடுகளை நம்பர் வரிசையாக அடுக்கி முடித்து, டப்பாவை மூடி, கை கழுவிவிட்டுத்தான் போனார். வேலை போன பிறகு அந்த வேலையை முடித்துவைத்துவிட்டுப் போன ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சாவி அவர் வீட்டில் இருந்தது. சாயங்காலம் நான்தான் போனேன்.

இரண்டு அறை வீடு. முன்னறையில் மூன்று சுவர் செங்கல் தெரிய நின்றது, ஒன்று மட்டும் கண்ணாடி மாதிரிப் பூச்சு. ஆணியில் கொத்தனாரின் பை; கரணை, குமிழி ஓடும் ரசமட்டம், நூல்கண்டு. கொத்தனார், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், விரலிடுக்கில் காய்ந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. மூணு சுவரைப் பாக்காதீங்க, இவளைக் கட்டின வருஷத்துலேர்ந்து நாளைக்குப் பூசறேன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்."

அக்கா டீ கொண்டுவந்து வைத்தார். சாவியையும் வைத்தார். உட்காரவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க தம்பி. மட்டம் போட்டது தப்பா?"

"தப்புதானேக்கா," என்றேன், முடிந்தவரை மெதுவாக. "மட்டம் போட்டதால மேல் ஓரத்து மரமெல்லாம் விட்டுப்போச்சுன்னு மேடம் சொல்றாங்க."

கொத்தனார் சுரண்டுவதை நிறுத்தினார். "மட்டம் போட்டா எப்படித் தம்பி விட்டுப்போகும்? போடலேன்னால்ல தப்பு வரும்?"

"வேலைக்கு வரலேன்னா யாரு அளப்பாங்கண்ணே?"

"யாரு வரலை?"

"அதான்... மட்டம்."

அவர் என்னைப் பார்த்தார். ஆணியில் தொங்கிய ரசமட்டத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "அடக் கடவுளே. எம் பொண்ணு கணக்குப் பரீட்சை அன்னிக்குப் போடுமே, அந்த மட்டமா?" ரசமட்டத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "இந்த மட்டம் தம்பி. இது!" சிரிக்க ஆரம்பித்தவருக்கு இருமல் வந்து கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

அக்கா சிரிக்கவில்லை. "ஆறு வருஷத்துல ஒரு நாள் போட்டிருப்பேனா நான் அந்த மட்டத்தை?" என்றார். சாமான் பெட்டிச் சாவியை மேசையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார். அது ஒரு சின்னச் சத்தம்தான், எனக்கு நன்றாகக் கேட்டது. "சரி, சொல்லு வேற அர்த்தமாயிடுச்சு. வெள்ளை எப்படி வந்துச்சு? அந்த எடத்துலயும் நான் தகடு அடிச்சிருக்கேனே."

அப்போதுதான் கேட்டேன், எப்படி அளந்தீர்கள் என்று. இரண்டு வருஷம் கூடவே வேலை செய்தும் அன்றைக்குத்தான் கேட்கத் தோன்றியது. அக்கா துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து ஒரு முனையைக் கொத்தனார் கையில் கொடுத்தார். அவரைக் கட்டில் மேல் ஏறி உட்காரவைத்தார். தன் முனையைத் தலைக்கு மேல் தூக்கிக் குண்டைத் தொங்கவிட்டார். குண்டு ஆடி, நிதானித்து, தரையில் ஒரு புள்ளியைக் காட்டியது.

"பதினெட்டு மீட்டர்னு நான் கூவினா, அது படுக்கையில பதினெட்டு."

படுக்கையில் பதினெட்டு. கழிக்க வேண்டியதே இல்லாத பதினெட்டு. அதை நான் கழித்திருக்கிறேன். பதினோரு கட்டத்தையும் மேலிருந்து கீழே அமுக்கிவிட்டேன். மேலே மூன்றரை மீட்டர் காலி. எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. டீயைக் குடித்தேன்.

"காலையில கம்ப்யூட்டர்ல பாத்துச் சரி பண்ணிடறேன்க்கா," என்று மட்டும் சொன்னேன்.

"கம்ப்யூட்டர்ல வேணாம் தம்பி. படத்துல எந்த எடம் வெள்ளையா இருக்கோ, அந்த எடத்துல மேடம் வந்து நிக்கணும். அதுக்கப்புறம் என்னை அனுப்பினாலும் சரி."

மறுநாள் மேடம் வந்தார். வர மனமில்லை, ஆனால் வந்தார். அது அவருடைய குணம். பதினேழாம் கட்டம் முப்பத்தைந்து டிகிரி சரிவு, கையையும் சேர்த்துத்தான் ஏற வேண்டும். அக்கா முன்னால் போனார். இப்படி அப்படிப் பார்க்காமல், சந்தைக்கடையில் தன் வீட்டுக்காரரைக் கண்டுபிடிக்கிற மாதிரி, மரங்களுக்கு நடுவில் நேராக நடந்து ஒரு இடத்தில் நின்றார்.

"இதுதானே மேடம் வெள்ளை?"

மேடம் படத்தை விரித்து, எல்லைக் கம்பைப் பார்த்து, தலையாட்டினார். அக்காவின் தோளுக்குப் பக்கத்தில் தொடை தடிமனில் ஒரு கமுக்கம் நின்றது. சுற்றிலும் சாயப் போகிற மூன்று அவசரம். அந்த இடத்தை எடுத்துக்கொள்ள அதுதான் முதல் ஆள். அதன் பட்டையில் ஆணி பாதி மூழ்கிக் கிடந்தது. தொங்கிய தகட்டை அக்கா விரலால் சுண்டினார். டங்.

"ஆயிரத்து நூத்து நாப்பத்தேழு. வாசிங்க தம்பி."

நோட்டைத் திறந்தேன். "1147. கமுக்கம். கீழ் எல்லையிலிருந்து பதினெட்டு புள்ளி ஆறு."

"கம்ப்யூட்டர்ல?" என்றார் மேடம்.

"பதினஞ்சு புள்ளி ரெண்டு மேடம்."

"ஏன்?"

சொன்னேன். ஓரத்துச் சொல்லுக்கு என்ன அர்த்தம், அதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன், எதை எதால் பெருக்கினேன். சாமி படங்களுக்கு நடுவில் இருக்கும் போட்டோ ஒரு நிமிஷம் கண்ணுக்குள் வந்து போனது. சரிவில் மரங்கள் ஒன்றையொன்று கூடுதலாக நெருக்குகின்றன என்று நான் கண்டுபிடித்துச் சொல்லி மேடம் பாராட்டியிருந்தார். அந்த நெருக்கத்தை உண்டாக்கியவனும் நான்தான் என்பதையும் சொல்லிவிட்டேன்.

அக்காதான் முதலில் வாயைத் திறந்தார்.

"தம்பியைத் திட்டாதீங்க மேடம். நான் ஒரு மட்டம் போட்டேன். தம்பி அது மேல இன்னொரு மட்டம் போட்டுடுச்சு."

மேடம் அங்கிருந்த பாறையில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்கு நேரமாயிற்று. "பதினொண்ணும் மட்டம்தான், ஒண்ணுகூட விடலைன்னு சொன்னீங்களே. தப்பை இவ்வளவு தைரியமா ஒத்துக்கற ஆளை நான் பாத்ததே இல்லைன்னு நினைச்சேன்மா." பிறகு எழுந்து, சிரிப்பை நிறுத்தி, "மன்னிச்சுக்கோங்க. நான் கேட்ட முறை தப்பு," என்றார்.

"அது இருக்கட்டும் மேடம். ஒரு நாள் வந்து போட்டுப் பாருங்கன்னு சொன்னேன்ல? வந்துட்டீங்க. இந்தாங்க." டேப் முனையையும் குண்டையும் நீட்டினார்.

மேடம் பிடித்தார். நான்காவது படியிலேயே கை இறங்கிவிட்டது. "பத்துப் படியா?" என்றார்.

"ஒரு மரத்துக்கு," என்றார் அக்கா.

படத்தை மறுபடி அச்செடுத்து மாட்டினோம். வெள்ளை போய்விட்டது. பதினோரு கட்டமும் மூச்சு விட்ட மாதிரி விரிந்து நின்றன. அவசரம் கும்பல் கும்பலாக, கமுக்கம் அதன் நிழலில் தள்ளித் தள்ளி. நெருக்கத்தைத் திரும்பக் கணக்குப் போட்டேன்; சரிவில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என் கண்டுபிடிப்பு போனது போனதுதான். ஆனால் அந்தப் படத்தில் இப்போது எந்த வட்டத்தைத் தொட்டாலும், மலையில் அந்த இடத்தில் ஒரு மரம் நிற்கும். அதற்குக் காரணம் பத்துப் படியிலும் கையை இறக்காத ஒருவர்.

இரண்டாவது கணக்கெடுப்பு தொடங்கிய அன்று அடிவாரத்தில் கூடியிருந்தோம். புதுப் படிவத்தில் அளந்த விதத்துக்குத் தனிக் கட்டம் போடச் சொல்லியிருந்தார் மேடம். "இதுக்கு என்ன தலைப்பு வைக்கலாம்? கிடைமட்ட அளவுன்னு போடலாமா? திரும்பக் குழப்பம் வரக்கூடாது பாருங்க."

"மட்டம்னே இருக்கட்டும் மேடம்," என்றார் குண்டக்கா, சுருக்குப் பையை இறுக்கிக்கொண்டே. "வேலைக்கு வராதவங்களுக்கு வரலைன்னு எழுதிக்கோங்க. அந்தச் சொல்லை எதுக்கு அவங்களுக்குக் கொடுக்கணும்?"

புது நோட்டின் முதல் பக்கம் என் கையெழுத்தில் இருக்கிறது. தேதி, கட்டம் பதினேழு, மட்டம். அதற்குக் கீழே, அன்று திங்கட்கிழமை ஆனதால், இன்னொரு வரி: ஏணி வரவில்லை.